கழுத்தளவுத் தண்ணி

— கலா யாருங்க?

— ஏ செல்வி... வெளையாடாத. எழுது.

— எனக்குத் தெரியுமுங்க. படிக்கறவிய கேப்பாங்கல்ல? 'மில்லில் மெஷின் மாட்ட கிரீஸ் சென்ற கௌதமன் அவர்கள் ஐந்து மாத காலம் கலா நேராவில் தங்கினார்'னு மொத வரியே அப்படி வருது. உங்க ஃபிட்டிங் செக்சன்ல ஒருத்தரும் ரெண்டாவது வரிக்குப் போக மாட்டாங்க. அந்தக் கலா ஆருன்னு டீக்கடையில நின்னு பேசிக்குவாங்க.

— அது ஊரு பேரு, புள்ள. கலான்னா அவிய பாசையில 'நல்ல'. நேரான்னா தண்ணி. நல்ல தண்ணின்னு அர்த்தம்.

— கடலோரத்து ஊருதானுங்களே?

— ஆமா. கேட்டத் தொறந்தா கடல்.

— கடல்ல இருக்கறது உப்புத் தண்ணியில்லீங்களா?

— அது... குடிக்கற நல்ல தண்ணி இல்ல. பாக்கறதுக்கு நல்ல தண்ணி.

— இங்க நல்ல தண்ணிக் கொழாயில எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. நான் அஞ்சு மணிக்கே கொடத்த வெச்சுக்கிட்டு நிக்கறேன். அவியளுக்கு ஒரு கடலே வருதாக்கும்.

— இந்தக் குசும்புதான வேண்டாங்கறது. அடைப்புக் குறிக்குள்ள போடு... 'கலா நேரா என்பது ஊரின் பெயர். பெண்ணின் பெயர் அன்று.'

— போட்டாச்சுங்க. இதுவரைக்கும் சந்தேகப்படாதவிய இனிமே சந்தேகப்படுவாங்க.

— படட்டும். அடுத்தது...

— இருங்க. அதென்ன 'கௌதமன் அவர்கள் தங்கினார்'? 'நான் தங்கினேன்'னு சொன்னா ஆகாதா?

— நான் நான்னு எழுதுனா பீத்தற மாதிரி இருக்கும்.

— இப்ப?

— இப்ப ஆரோ ஒரு கௌதமனப் பத்தி ஆரோ எழுதற மாதிரி இருக்கும்.

— அந்த 'அவர்கள்'?

— எழுதறவரு கொஞ்சம் மரியாதை தெரிஞ்சவரு.

— சரிங்க. கையெழுத்து மட்டும் என்றது. மூணாங்கிளாஸ் பசங்களுக்கு எழுதிப் போடற கையி, இன்னிக்கு உங்க பெருமைய எழுதுது.

— அதுக்குத்தான உன்னைய எழுதச் சொல்றது. என்ற கையெழுத்துல குடுத்தா பிரஸ்காரங்க டிராயிங்குன்னு நெனச்சு பிளாக் எடுத்துப் போடுவாங்க. மணி என்ன?

— அஞ்சு அடிச்சு பத்து நிமிசம்.

— ஆறு மணிக்கு ரங்கராஜ் வந்து நிப்பாரு. பர்சனல் டிபார்ட்மெண்ட்ல இருந்து. வாங்கிட்டு நேரா பிரஸ்ஸுதான். வெள்ளி விழா மலர்ல இந்த ஒரு பக்கந்தான் மிச்சம் கெடக்குது.

— உங்களோட கூட வந்த மேனேஜர் நரசிம்மலு சாரும் கிரீஸப் பத்தி எழுதிக் குடுத்துட்டாருன்னீங்களே?

— நாலு பக்கம் டைப் அடிச்சே குடுத்துட்டாரு. ரெண்டுல ஒண்ணத்தான் போடுவாங்க. எது நல்லாருக்குதோ அது. கோவிந்தராஜுலு சாரு கமிட்டி, அவரு நாயமான மனுசன். இருவத்தஞ்சு வருசத்துல ஒரு ஃபிட்டர் எழுதி அச்சாகப் போகுதுன்னா இதான் செல்வி. மேனேஜருங்க எழுதுவாங்க, டைரக்டருங்க வாழ்த்துரை குடுப்பாங்க. ஃபிட்டருங்க குரூப் போட்டோவுல பின்வரிசையில நிப்பாங்க... பாதி மூஞ்சியோட.

— பேரு எப்படிங்க போடோணும்?

— 'சின்னான் மகன் கௌதமன்.'

— முழுசாவா?

— முழுசா. எங்கப்பன் பேரு ஆயுசுக்கும் ஒரே ஒருக்காதான் அச்சாச்சு. ஓட்டர் லிஸ்ட்டுல. அதுலயும் 'சின்னாள்'னு போட்டு பொம்பளை ஆக்கிப்போட்டாங்க. இத ஒழுங்கா எழுது. ரெண்டு சுழி... இல்ல மூணு சுழியா?

— ரெண்டு சுழிங்க 'ன்'. நான் எழுதிக்கறேன். சொல்லுங்க.

— 'தங்க.' கோடு போடு அடியில. 'விடுமுறைக்குச் செல்வோர் தங்குவதற்கு...'

— நம்ம கம்பெனியில ஆருங்க கிரீஸுக்கு விடுமுறைக்குப் போறாங்க? ஊட்டி பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கவே சன்னல் வழியா துண்டு போடறாங்க.

— தலைப்பு கமிட்டி குடுத்தது. 'கிரீஸ் கடற்கரை: தங்க, உண்ண, நீந்த.' டைரக்டர் ஊட்டம்மா ஏதோ வெளிநாட்டு புக்குல பாத்து சொன்னாங்களாமா. எழுது. 'தங்குவதற்கு எலேனி அம்மையாரின் மாடி அறையே சாலச் சிறந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். மூடினாலும் கடல்.'

— மூடினா எப்படிங்க?

— சத்தம் கேக்கும்ல.

— அட... இது நல்லாருக்குதுங்க.

— நல்லாருக்குதா?

— நெசமாலுமே.

— அப்ப அதுக்கு ஒரு ஆச்சரியக்குறி போடு.

— வேண்டாமுங்க. நல்லா இருக்கறதுக்கு ஆச்சரியக்குறி வேண்டாம்.

— டீச்சர் சொன்னா சரி. 'கேட்டிலிருந்து முப்பதடியில் அலை. காலையில் காயப்போட்ட சட்டை, காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.'

— சட்டைய ஆரு தொவைச்சது?

— எலேனியம்மாதான். நான் தொவைக்கறத ஒரு நாளு பாத்துட்டு, அந்தச் சட்டை மேல எரக்கப்பட்டு அவியளே வாங்கிட்டாங்க.

— இங்கயும் அப்படித்தான ஆச்சு.

— அத எழுதாத.

— அந்த 'ங்க' கதைய எழுதலாமுங்களா?

— அது வேண்டாம். சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். சொல்லுங்க, அதுதான் இருக்கறதுலயே நல்லாருக்கும்.

— என்னத்தச் சொல்றது... காலையில ஆரையாச்சும் பாத்தா 'கலிமேரா'ன்னு சொல்லோணும். அவிய வணக்கம். எலேனியம்மாவுக்கு அறுவத்தஞ்சு வயசு. அவியளப் போயி மொட்டையா 'கலிமேரா'ன்னு எப்படிச் சொல்றது? நாக்கு வல்ல. 'கலிமேராங்க'ன்னு சொல்லிப்போட்டேன்.

— அப்பறம்?

— ஒரு வாரம் என்னைய உத்துப் பாத்தாங்க. ரெண்டாவது வாரம் அவியளே எனக்கு 'கலிமேராங்க'. மூணாவது வாரம் ரொட்டிக்கடைக்காரரு. அப்பறம் போஸ்ட்மேனு. ஆவணி மாசத்துல சர்ச்சு ஃபாதரே ரோட்டுல நிறுத்தி 'கலிமேராங்க'ன்னாரு. தாடி இத்தாத்தண்டி இருக்கும் அவருக்கு. நன்றிக்கு 'எஃபாரிஸ்தோ'ன்னு சொல்லோணும், அதுவும் 'எஃபாரிஸ்தோங்க' ஆயிப்போச்சு. இந்தியாவுல இதுதான் மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாங்க.

— அதுதானுங்களே மரியாதை?

— ...ஆமா. அதுவும் நெசந்தான். எழுது. 'அவ்வூரார் இன்றளவும் ங்க போட்டே பேசி வருகின்றனர்.'

— 'இன்றளவும்'ங்கறது ஆதாரத்தோடவா?

— போன தீவாளிக்கு எலேனியம்மா போட்ட கார்டு பீரோவுல இருக்குதே. இங்கிலீசுல என்ன எழுதியிருந்தாங்க? 'கம் வித் வைஃப்ங்க'ன்னு.

— அத நான் மறப்பனா. மூணு நாளு ஸ்கூல்ல எல்லார்த்துக்கும் காட்டுனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அதென்ன ஸ்பெல்லிங்னு கேட்டாங்க. அது கோயமுத்தூர் ஸ்பெல்லிங்குன்னேன்.

— சித்திரையில அங்க மில்லுல ரெண்டாவது மெஷின் லைனு மாட்டப் போறோம்ல. இந்தத் தடவ ஊட்டுக்காரியப் பதினஞ்சு நாளு கூட்டிட்டு வரலாம்னு மில்லுக்காரங்களே சொல்லிப்போட்டாங்க. நீயே வந்து பாரு, ங்க இருக்குதா இல்லையான்னு.

— பாக்கறேன். பாக்கத்தான போறேன். அடுத்தது?

— 'உண்ண.' கோடு. 'வோலோஸ் என்னும் துறைமுக நகரில் கடலை ஒட்டி வரிசையாக உணவுக் கடைகள். அங்கே கௌதமன் அவர்கள் ஒரே அமர்வில் ஏழு வகைத் தட்டுகளைச் சுவைத்தார்.'

— ஏழா?

— ஏழு. மீனு, எறா, சுட்ட கத்திரிக்கா, என்னென்னமோ. ஒரு தட்டு மாதிரி ஒரு தட்டு இல்ல.

— தட்டுத் தட்டா தனித்தனியா கேட்டு வாங்கோணுமா?

— இல்ல புள்ள, அங்க மொறையே வேற. குட்டியா ஒரு சீசா வரும். அது கேட்டா கூடவே ஒரு தட்டு சும்மா வெப்பாங்க. ரெண்டாவது சீசாவுக்கு ரெண்டாவது தட்டு, அது மொதத் தட்டவிட நல்லாருக்கும். மூணாவது அதவிட...

— ஏழு தட்டு.

— ஏழு தட்டு!

— அப்ப ஏழு சீசா.

— ...குட்டி சீசா, செல்வி. இருமல் மருந்து சைசு.

— அத்தன இருமலா?

— ரெண்டு தட்டுன்னு எழுதிக்க.

— ஏழுன்னே எழுதிட்டனுங்க. அடிச்சா அசிங்கமா இருக்கும். அது என்ன சீசான்னு எழுதாம உட்டர்றேன்.

— நல்லாருப்ப. 'ஆக்டோபஸ் என்னும் எட்டுக்கால் கடற்பிராணியை, நம் வீடுகளில் துணி உலர்த்துவது போலக் கொடியில் தொங்கவிட்டிருப்பர்...' ஏ, கொடின்னதும் ஞாபகம் வருது. நேத்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில கறுப்பா ஒண்ணு தொங்குச்சே. நானே ஒரு நிமிசம் ஆக்டோபஸ்ஸுன்னு பயந்துட்டேன். என்னது அது?

— அது... மிக்சிக்கு உறைங்க. தையல் கிளாசுல தெச்சது.

— மிக்சிக்கா? கையெல்லாம் இருந்துச்சே.

— பெரிய மிக்சி மாடலுக்குங்க. எழுதறப்ப நடுவுல பேசாதீங்க, வரி கோணலாப் போகுது.

— எட்டு மாசமா சனிக்கெழம தவறாம ஆர்.எஸ்.புரம் போற, பஸ்ஸு மாறி. எனக்கு ஒரு கைக்குட்டை தெச்சுக் குடுத்ததில்ல. மிக்சிக்கு முழுக்கை சட்டை.

— மிக்சி கேக்காமயே அரைக்குதுங்க. உங்களுக்கு நான் காப்பி வெச்சுத் தந்தாத்தான் வாயே தொறக்குது. சொல்லுங்க, நேரம் போகுது.

— 'திராட்சை இலையில் சோற்றை வைத்து மடித்து வேகவைக்கும் பலகாரம் ஒன்றுண்டு.'

— திராட்சை எலையிலயா?

— ஆமா. நம்ம தொண்டாமுத்தூர்ல அத ஆடு தின்னுட்டுப் போகுது. அங்க எலுமிச்சம்பழம் புழிஞ்சு ராசா மாதிரி கொண்டாந்து வெக்கறாங்க. தயிரு... தயிரக் கத்தியில வெட்டலாம் செல்வி. கரண்டி நிக்கும்.

— நரசிம்மலு சாரு கதைய எழுதலாமுங்களா?

— எந்தக் கதை?

— புரட்டாசிச் சனிக்கெழம.

— ஐயோ, அத எழுதுனா சித்திரையில டிக்கெட்டே கெடைக்காது. மனுசன் பாவம், புரட்டாசிச் சனிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கறவரு. அன்னிக்கு கடையில மீனு வறுத்துக் கொண்டாந்துட்டாங்க. அவருக்கு வெளியூருன்னா இந்தி பேசோணும்னு ஒரு எண்ணம். 'நை, நை'ங்கறாரு. அந்த ஊர்ல 'நே'ன்னா ஆமான்னு அர்த்தம்! கடைக்காரன் ஆகா, இவருக்குப் புடிச்சுப் போச்சுன்னு இன்னொரு தட்டு. இவரு கையெடுத்துக் கும்புட்டு 'நை நை நை'ங்கறாரு. அவன் மூணு தட்டு.

— நீங்க சொல்லியிருக்கலாமுல்ல?

— சொல்லலாம்தான். மீன நான்தான தின்னுக்கிட்டு இருந்தேன். வாயில முள்ளு.

— கிராதகருங்க நீங்க.

— அதுக்குப் பதிலா இத எழுது. 'கௌதமன் அவர்கள் எலேனி அம்மையாரின் சமையற்கட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, நம்மூர் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக் கொடுத்தார். அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் அவ்வீட்டில் அதுவே உணவு. வந்து தங்கும் ஜெர்மானியரும் உண்கின்றனர்.'

— இது நான் சொல்லிக் குடுத்து நீங்க ஆக்கறதுதானுங்க.

— ஆமா.

— லெட்டர்ல எழுதிக் கேட்டீங்க. தண்ணி எத்தன டம்ளருன்னு. நான் பதில் போட்டேன். அது வந்து சேர இருவது நாளாச்சு.

— அதுவரைக்கும் மூணு தடவ கொழஞ்சுபோச்சு.

— அப்ப இப்படி எழுதறேன். 'தம் மனைவி அன்புச்செல்வி கடிதம் மூலம் கற்பித்தபடி...'

— எழுது எழுது. நானே சொல்லோணும்னு இருந்தேன்.

— இருந்திருப்பீங்க. மணி அஞ்சு நாப்பது. 'நீந்த' மட்டுந்தான் பாக்கி.

— ...தண்ணி குடு மொதல்ல.

— நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

— குசும்பு... எழுது. 'நீந்த. கலா நேரா கடல் கண்ணாடி போன்றது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். காலை ஏழு மணிக்கு அவ்வூர் மூதாட்டியர் தலையில் தொப்பியோடு கடலில் இறங்கி, தக்காளி விலை பேசிக்கொண்டே நீந்துவர்.'

— பேசிக்கிட்டேவா?

— பேசிக்கிட்டேதான். எம்பது வயசுப் பாட்டிங்க. சந்தைக்கு நடந்து போற மாதிரி போவாங்க. மூஞ்சியில ஒரு சொட்டு படாது.

— ம்... வாய மூடாமயே மூச்சு உட்டுக்குவாங்களாட்ட இருக்குது. அது கஷ்டமாச்சே.

— உனக்கெப்படித் தெரியும்?

— சும்மா, யோசிச்சுப் பாத்தனுங்க. மேல சொல்லுங்க.

— 'அங்கே கரையிலிருந்து இருநூறு அடி தொலைவில் ஒரு பாறை உண்டு. கௌதமன் அவர்கள் நாள்தோறும் காலையில் கரையிலிருந்து அப்பாறைவரை ஒரே மூச்சில் நீந்திச் சென்று...' ஏன் நிறுத்திட்ட?

— பேனா எழுத மாட்டேங்குதுங்க.

— மை இருக்குதே.

— மை இருக்குதுங்க. பேனாவுக்கு மனசு வல்ல.

— செல்வி, ஆறு மணிக்கு ரங்கராஜ் வந்துருவாரு. நரசிம்மலு சாரு ரெண்டு பர்லாங் நீந்துனதா எழுதியிருக்காரு, தெரியுமா?

— அவரு நீந்துனாரா?

— பேண்ட்ட மடிச்சு உட்டுக்கிட்டு அலைக்குப் பயந்து பின்னாடியே நடப்பாரு.

— நீங்க?

— போட்டோ இருக்குதுல்ல! அந்தா, செவுத்துல மாட்டி வெச்சிருக்கறமே. கழுத்தளவுத் தண்ணியில நான். மலர்ல அதுவும் வருது. ஆதாரம்.

— அந்தப் போட்டோவுல நீங்க முட்டி போட்டிருக்கறீங்க.

— முட்டியா? நானா?

— சொல்லட்டுமா வேண்டாமான்னு பாத்தனுங்க. பொய்யி என்ற கையெழுத்துல போகுதேன்னு...

— மூணு வருசமா வாரவிய போறவிய எல்லாத்துக்கும் காட்டியிருக்கறேன். ஒருத்தரு கண்டுபுடிக்கல. நீயும் தெனமும் அதத் தொடைக்கறயே, மூணு வருசமா...

— மூணு வருசமாத் தெரியாதுங்க. எட்டு மாசமாத்தான் தெரியும்.

— எட்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டே தொடைச்சயா?

— நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

— ...இடுப்புக்கு மேல தண்ணி இல்ல அங்க. போட்டோ எடுத்தது எலேனியம்மா ஊட்டுக்காரரு. அவருகிட்ட மொத நாளே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். உங்க ஊரு பேரு என்னன்னாரு. கிணத்துக்கடவுன்னேன். அப்படின்னா? கெணறுன்னா இப்படின்னு கையில ஆழம் காட்டி, படம் போட்டெல்லாம் காட்டுனேன். எங்கப்பன் அதுல நாப்பது வெட்டுனாருன்னு பெருமையா வேற சொன்னேன். அவரு தோளுல ஒரு தட்டு தட்டி, அப்ப நீ மீனு மாதிரி நீந்துவயேன்னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'நே'ன்னேன்.

— ஐயோ.

— ஆமான்னு அர்த்தம்னு அப்பத்தான் புதுசாக் கத்துக்கிட்டேன். சொல்லிப் பாக்கோணும்னு ஆசை. அதுக்கப்பறம் இல்லைன்னு சொல்ல வாய் வல்ல. அஞ்சு மாசம், தெனம் காலையில கடல்ல எறங்கி, அவரு பாக்கறப்பெல்லாம் முட்டி போட்டு, ரெண்டு கையையும் பரப்பிக்கிட்டு... அந்தப் பாட்டிங்க 'கலிமேராங்க'ன்னுட்டு என்னையத் தாண்டி பாறைக்குப் போவாங்க. நான் முட்டியிலயே நடந்து வழி உடுவேன். இன்னிக்கும் மாடிப்படி ஏறுனா வலது முட்டி கிளிக்குங்குது, கேட்டிருக்கறயல்ல? அது கிரீஸ் நாட்டு நெனவு.

— ஏனுங்க... நெசமாலுமே நீச்சலே தெரியாதா? அத்தன கெணறு வெட்டுனவரு மகனுக்கு?

— வெட்டறதுதான் நம்முளுது. தண்ணி தோட்டத்துக்காரவியளுது. ஊத்து கண்டதும் தேங்கா ஒடைப்பாங்க, எங்கப்பனுக்கு ஒரு வேட்டி குடுப்பாங்க. அவரு ஒசக்க ஏறி வந்துட்டாருன்னா அதோட சரி, மறுபடி அதுல எறங்கக் கூடாது. அடுத்த நாளு அந்தத் தோட்டத்துப் பசங்க குதிப்பாங்க. நாங்க மேட்டுல நின்னு எண்ணுவோம், ஆரு எத்தன குட்டிக்கரணம்னு.

— நீங்க எறங்குனதே இல்லையா?

— ஒருக்கா. ஒம்பது வயசுல. மதியானம், ஆருமில்ல. எறங்கக்கூட இல்ல செல்வி, கடைசிப் படியில உக்காந்து காலை நனைச்சேன். பாத்துட்டாங்க. ரெண்டு நாளு மோட்டரு ஓடுச்சு. கெணத்தையே எறைச்சுப்போட்டாங்க.

— கால நனைச்சதுக்கா?

— அழுவாத. அந்தத் தண்ணி பூராத் தக்காளிக்குத்தான் பாஞ்சுது. அந்த வருசம் அவியளுக்குத் தக்காளி அப்படிக் காச்சுது. அதுல என்ற காலுக்கும் ஒரு பங்கு இருக்குது.

— நான் அழுவலீங்க. எழுதறேன்.

— என்னத்த எழுதற? நான் ஒண்ணும் சொல்லலயே.

— இருங்க.

— செல்வி, மணி அஞ்சு அம்பத்தஞ்சு. பாறைவரைக்கும்னு வேண்டாம், பாதி தூரம்னு போட்டுக்கலாம். நூறடி. ஐம்பதடி...

— ஆச்சுங்க. வாசிக்கட்டுமா?

— வாசி.

— 'நீந்த. கலா நேரா கடலில் இறங்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது கிணறு வெட்டிய சின்னானின் மகன் கௌதமனுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஐந்து மாதம், நாள் தவறாமல், கழுத்து நனையும்வரை அந்தத் தண்ணீரில் இறங்கி இருந்தார். அவர் ஏறி வந்த பிறகு யாரும் அந்தக் கடலை இறைக்கவில்லை.'

— கடைசி வரிய இன்னொருக்கா வாசி.

— நல்லா இல்லீங்களா? வேணும்னா கடைசி வரிய...

— தொடாத.

— சரிங்க.

— தொடாத. அப்படியே இருக்கட்டும். 'அவர்கள்' எங்க? கௌதமன் அவர்கள்?

— எடுத்துட்டனுங்க. இந்த எடத்துல அது வேண்டியதில்ல. பேரே போதும்.

— செக்சன்ல சிரிப்பாங்களே, செல்வி. முட்டி போட்ட கௌதமன்னு பேரு வெப்பாங்க. பொங்கியண்ணன் ஒருத்தன் போதும், ரிட்டையர் ஆகற வரைக்கும் சொல்லுவான்.

— சொல்லட்டும். அவரு எந்தக் கடல்ல முட்டி போட்டிருக்காரு?

— ...அதுவும் சரிதான். கிரீஸுல முட்டி போட்ட மொத ஃபிட்டர் நான்தான? 

— இந்தியாவுலயே நீங்கதானுங்க.

— எங்கப்பன் பேரு சரியா வந்திருக்குதா? காட்டு.

— இந்தா பாருங்க. ரெண்டு எடத்துல வருது. தலைப்புக்கு அடியில ஒருக்கா, இங்க ஒருக்கா.

— ரெண்டு எடத்துலயா... சின்னான்... ரெண்டு சுழி. அந்தாளு பாத்திருந்தா படிக்கத் தெரியாது. தடவிப் பாத்திருப்பாரு. 

— ஸ்கூட்டர் சத்தம் கேக்குதுங்க. ரங்கராஜா?

— அவருதான். சைலன்சர் ஓட்டை. குடு, மடிச்சுக் குடுக்கலாம்... வேண்டாம், மடிக்க வேண்டாம், அந்த எழுத்து மடியக் கூடாது. கவர் எடு, பெரிய கவரு.

— போட்டோ?

— அதயும் கழட்டு. போகட்டும். அடியில 'இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்ட கௌதமன்'னு எழுதிப்போடு.

— அது நல்லாருக்குதுங்க! 'மாலை வணக்கமுங்க'ன்னு சொல்றாரு வாசல்ல, கேட்டுச்சா? போயிக் கதவத் தொறங்க.

— தொறக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடு செல்வி. ஊரே கண்டுபுடிக்கல, அந்த கேமரா புடிச்ச பெரியவரே கண்டுபுடிக்கல... நான் முட்டி போட்டிருக்கறேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— தையல் கிளாசுல மொத நாளு எங்களையும் அப்படித்தானுங்க கழுத்து நனைய முட்டி போட வெச்சாங்க, ரெண்டு கையையும் பரப்பி, தாடையத் தூக்கி... இப்ப அந்த நீச்சல் கொளத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிக்காம நாலு தடவ போயிட்டு வாரனுங்க. அந்தப் பாறை எரநூறு அடிதானுங்களே?